ஒன்பதாவது ஓலை

இரண்டாம் மணி ஓய்ந்து, மணியடிக்கிற கோயில் குட்டியார் மணிக்கயிற்றைத் தூணில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். ஞானப்பூ பெண்கள் பக்கத்து முதல் பாயில் காலை மடக்கி உட்கார்ந்து, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டு, ஜெபம் பண்ணுகிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் ஒன்றும் வரவில்லை. ஒன்பது, ஒன்பது என்று ஒரே எண்தான் வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு வாசித்தால் ஒன்பதாவது ஓலை. ஊரில் மற்றப் பெண்களுக்கெல்லாம் மூன்றோடு முடிந்துவிடும். மூன்று ஞாயிறு, இரண்டாம் பாடம் வாசித்து முடிந்ததும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை அறிந்தவர் சொல்லலாம் என்று சபையில் ஓலை வாசிப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நாலாவது வாரம் பந்தல் போட்டுவிடுவார்கள். வாசித்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அந்த ஓலை செத்துப்போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதே ஞானக்குடியிருப்பு சபைக்கு இவளால்தான் தெரியவந்தது. இவள் ஓலை இரண்டு தடவை செத்திருக்கிறது. மாசியில் மூன்று, ஆடியில் மூன்று, இப்போது கார்த்திகையில் போன இரண்டு வாரமும் இரண்டு. கண்டி மலையில ஏறுன மாப்பிள்ளைக்கு எறங்க வழி தெரியலையோ என்று லேயாள் சித்தி கிணற்றடியில் கேட்டபோது சிரித்தவர்களில் ஞானப்பூவும் ஒருத்தி. சிரிக்காமல் நின்றால் அழுகிறதாக அர்த்தம் பண்ணிவிடுவார்கள். மாதத்துக்கு ஒருமுறை நற்கருணை கொடுக்க வருகிற ஐயர், நாலாம் தடவை என்று ஒன்று கிடையாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆக இன்றைக்கு வாசித்தால் உண்டு, வாசிக்காவிட்டால் இல்லை.

வாசித்தால் என்பதில்தான் மனசு போய்ப் போய் முட்டியது. வாசிக்க வேண்டியவர் அப்பா. உபதேசியார் மாசிலாமணி என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். எட்டு வாரம் தன் மகள் பேரைத் தன் வாயாலேயே வாசித்து, எட்டு வாரமும் வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிட்டவர். வெள்ளிக்கிழமை கண்டிச் சீமையிலிருந்து கடுதாசி வந்தது. வழக்கமாகக் கடுதாசி வந்தால் அப்பா முற்றத்தில் நாற்காலியைப் போட்டு, அம்மாவைக் கூப்பிட்டு, மகள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாயிற்றா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பார். வெள்ளிக்கிழமை நின்றபடியே படித்தார். கையை நீட்டி நீட்டிப் பிடித்துப் படித்தார். மடித்துக் கறுப்புக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, சுகமா இருக்காவளாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். சாயங்காலம் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்காகக் கோட்டைத் தூசி தட்டி வைப்பது சனிக்கிழமை காலையில் ஞானப்பூவின் வேலை. அது அப்பாவுக்கு மறந்துபோனதா, மறக்காமலே விட்டாரா, அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவள் படித்தாள். கொடியில் தொங்கிய கோட்டுக்குள்ளே தலையை விட்டுக்கொண்டு, கற்பூர வாசனையோடு படித்தாள். மாசியில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, ஆடியில் அவர் புறப்படாமல் நின்றது விஷக்காய்ச்சலால் என்று முன்பே தெரியும். காய்ச்சலுக்குத் தானே அளவு மிஞ்சிக் கொயினா மருந்து தின்றாராம். பிழைத்தாராம். காதில் முதலில் ஓயாமல் மழை பெய்கிற மாதிரி இரைச்சல் இருந்ததாம், பிறகு அதுவும் நின்றுபோனதாம். திரும்பிவரும் என்ற நம்பிக்கையில்தான் மூன்றாம் தடவை ஓலை வாசிக்கச் சொன்னாராம். இனி வராது என்று பெரிய டாக்டர் துரை சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டாராம். தங்கள் குமாரத்தியை ஒரு செவிடனுக்குக் கட்டிவைப்பது நியாயமல்ல, ஓலை எட்டோடு நிற்கட்டும், காரணத்தை அவளிடம் சொல்ல வேண்டாம், அவன் வர மனமில்லாமல் இருந்துவிட்டான் என்று சொன்னால் சீக்கிரம் மறப்பாள் என்று எழுதியிருந்தார். அவள் கடுதாசியை இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டு, தூசி இல்லாத கோட்டை வெகுநேரம் தட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளுக்கு விளங்கவில்லை. அப்பாவுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கிப்போய் நாலு வருஷம் ஆகிறது. சபையில் வாசிக்க வேண்டிய அறிவிப்புகளை ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் ஞானப்பூதான் புளியங்கொட்டை பருமன் எழுத்தில் எழுதிக் கொடுப்பாள். தன் ஓலையையும் அவளே எட்டுத் தடவை எழுதியிருக்கிறாள். முதல் தடவை அவர் பேர் வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. கட்டிக்கொள்ளப்போகிறவர் பேரைப் பெண் வாயால் சொல்லக்கூடாது என்று ஊருக்கே தெரியும். கையால் எழுதலாமா என்று ஊரில் யாரும் சொல்லிவைக்கவில்லை. அவள் எழுதினாள். மை கொட்டி ஒரு பொட்டு விழுந்தது. அப்பா மறுநாள் அந்தப் பொட்டுக்கு முன்னால் வந்ததும் கொஞ்சம் தயங்கி, பிறகு தாண்டி வாசித்தார். எட்டுத் தடவை எழுதி எழுதி இப்போது கை தானாகப் போகும். நேற்று மத்தியானம் அவள் மைக்கூட்டையும் காகிதத்தையும் எடுத்துவைத்தபோது அப்பா வாங்கிக்கொண்டார். இந்த வாரம் நானே எழுதிக்கிடுதேன், நீ போயி அம்மைக்கு மாவாட்டு என்றார். ஆட்டுவதற்கு அரிசி ஊறப்போடவே இல்லை. அது அப்பாவுக்கும் தெரியும். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து காலி ஆட்டுரல் தெரிந்தது. காகிதத்தை எட்டத் தள்ளிவைத்துக்கொண்டு என்னவோ எழுதினார். என்ன எழுதினார், எத்தனை வரி எழுதினார் என்று எட்டிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லாமல் போயிற்று. கேட்டால் கடுதாசியைப் படித்தது வெளியே வந்துவிடும். பெண்பிள்ளை தன் கல்யாணத்தைப் பற்றித் தானே வாயைத் திறந்து கேட்பதும் அந்த வீட்டில் வழக்கமில்லை.

முதல் பாட்டின் எண்ணை அப்பா சொன்னார். சொல்லிவிட்டு இவளைப் பார்க்கவில்லை. வழக்கமாகப் பார்ப்பார், ஏனென்றால் பாட்டைத் தொடங்குவது ஞானப்பூ. ஆர்மோனியமோ வேறு வாத்தியமோ இல்லாத கோயில் இது. அவள் தொடங்குகிற சுருதிதான் சபைக்குச் சுருதி. தொடங்கினாள். தொண்டை எப்போதும் போலத் திறந்துகொண்டது, அதற்கு இந்த விவகாரம் ஒன்றும் தெரியாது. இந்தக் குரலைத்தானே அவர் கேட்டார். மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சல் ஊரைச் சுற்றியபோது, மிஷன் ஆஸ்பத்திரியில் படித்துவிட்டு மருந்துப் பெட்டியோடு ஆறு மாதம் இங்கே வந்து தங்கிய கம்பவுண்டர் அவர். ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது தூணுக்குப் பின்னால் உட்காருவார். அந்த இடத்திலிருந்து பெண்கள் பக்கம் ஒன்றுமே தெரியாது, ஆனால் கேட்கும். முகம் பார்க்க வேண்டுமென்று நினைத்த ஆளாக இருந்தால் அங்கே போய் உட்கார்ந்திருக்கமாட்டார் என்று பின்னால் அம்மா சொன்னாள். ஒரு தடவை ஞானப்பூவுக்குத் தொண்டை கட்டி, இரண்டு ஞாயிறு பாட்டு இழுத்துக்கொண்டு போனது. இரண்டாம் ஞாயிறு கழிந்து மூன்றாம் நாள் கம்பவுண்டர் சொல்லியனுப்பினார்: பாட்டுத் தொடங்குகிற பிள்ளையை மருந்துப் பெட்டிக்குக் கூட்டிவரச் சொல்லி. அம்மா கூட்டிப்போனாள். வாயத் தொறங்க என்றார். கரண்டிக்காம்பால் நாக்கை அமுக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் உள்நாக்கைப் பார்த்தார். ஆ சொல்லுங்க என்றார். ஆ என்றாள். பத்து நாளைக்குப் பாடவும் வேண்டாம் பேசவும் வேண்டாம் என்றார். அவ்வளவுதான். அதுவரை அவர் இவள் முகத்தைச் சரியாகப் பார்த்தாரா என்பது சந்தேகம், உள்நாக்கைப் பார்த்துவிட்டார். அந்தச் சங்கதியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சூடாகும், சிரிப்பும் வரும். ஊரில் எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தது இப்படி உள்நாக்கிலிருந்து தொடங்கியிருக்கிறது. பத்து நாளும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தயிர்க்காரியிடம்கூடக் கைஜாடைதான். அம்மாவுக்கே ஆச்சரியம். மருந்துக்குக் கட்டுப்பட்டாளா, சொன்னவருக்குக் கட்டுப்பட்டாளா என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டதும் அந்தப் பத்து நாளில்தான்.

பாவ அறிக்கைக்கு எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். அவளும் நின்றாள். இதழ் மட்டும் அறிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தது. மிஷன் பங்களாவில் வெள்ளைக்காரத் துரைசானியம்மாள் முன்னால் நிற்க வைத்தது ஞாபகம் வந்தது. அவர் பெண் கேட்டபோது, பெண்ணிடம் நேரில் கேட்காமல் நிச்சயம் பண்ணக்கூடாது என்பது துரைசானியின் பிடிவாதம். சம்மதமா என்று கேட்டபோது ஞானப்பூ தலையை ஆட்டினாள். துரைசானி விடவில்லை, தலை ஆட்டினால் கணக்கில் சேராது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்றார். சம்மதம் என்று சொன்னாள். அடுத்த அறையில் அவரை உட்கார வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருப்பாளோ, சொல்லாமலே நின்றிருப்பாளோ. ஒரு ஆ, ஒரு சம்மதம். இவ்வளவுதான் அவள் அவரிடம் பேசியது. அதற்குப் பிறகு அவர் காப்பித் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துத் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார். கடுதாசிகள் அப்பா பேருக்கு வரும். பெண்ணுக்கு நேராக எழுதுவது மரியாதையில்லை. தோட்டத்துக் குளிர், அட்டைக்கடி, பேதி வந்து செத்தவர்கள், பிழைத்தவர்கள் எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரிக்கு முந்தின வரியில் சபையில் பாட்டு எப்படி நடக்கிறது என்று கேட்பார். ஒவ்வொரு கடுதாசியிலும் கேட்பார். அப்பா அந்த வரியை மட்டும் நிறுத்தி வாசிப்பார், அம்மா சேலையைத் திருத்திக்கொள்வாள், கதவுக்குப் பின்னால் ஞானப்பூ அசையாமல் நிற்பாள். பாட்டு நன்றாக நடக்கிறது என்று அப்பா பதில் எழுதுவார். ஒரு மாதம் மட்டும், இவளுக்குச் சளி பிடித்திருந்தபோது, பாட்டு கொஞ்சம் சுகவீனமாயிருந்து இப்போது தேவலை என்று எழுதினார். அதற்கு இரண்டு வாரத்தில் ஒரு பொட்டலம் மருந்து வந்தது. இரண்டரை வருஷம் இப்படித்தான் போயிற்று. நேற்றுப் படித்த கடுதாசியில் அந்த வரி இல்லை. காது போனதைப் படித்தபோதுகூட அவள் தாங்கிக்கொண்டாள், கடைசி வரிக்கு முந்தின வரிக்கு வந்து அங்கே பாட்டைக் காணவில்லை என்றபோதுதான் கோட்டுத் துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

சங்கீதம் தொடங்கியது. ஆண்கள் ஒரு வரி, பெண்கள் ஒரு வரி. ஞானப்பூ முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி இரண்டு கையையும் தூக்கி இரண்டு காதையும் உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டாள். எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. சத்தம் போகவில்லை, தூரமாகப் போய் நின்றது. இன்னும் அழுத்தினாள். அப்போது உள்ளேயிருந்து ஒரு இரைச்சல் வந்தது, இதுதான் அவர் சொன்ன மழையோ. எதிரே ஆண்கள் வாயைத் திறந்து மூடினார்கள். வரிசையாகத் திறந்து மூடின அத்தனை வாயையும் பார்க்கப் பயமாக இருந்தது. அங்கே மலையில் அவரும் இந்நேரம் ஏதோ ஒரு கோயிலில் உட்கார்ந்திருப்பார், மலையாட்கள் பாடுவார்கள், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். புஸ்தகத்தில் எந்த வரி போகிறது என்று பக்கத்தில் இருக்கிறவன் விரலால் தொட்டுக் காட்டுவானா. அவரிடம் வருகிற நோயாளி வயிற்றுவலி என்பதை எப்படிச் சொல்லுவான். கூப்பிட்டால் திரும்பமாட்டாரே, வண்டி பின்னால் வந்தால் ஒதுங்கமாட்டாரே, அந்த மலைப்பாதையில் மாட்டுவண்டி எத்தனை வேகமாக இறங்கும். லேயாள் சித்தி முழங்கையால் இடித்தாள். தலைய வலிக்கா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டி ஞானப்பூ கையை இறக்கினாள், சத்தம் முழுவதும் ஒரேயடியாக வந்து காதில் விழுந்தது. பெண்கள் வரி வந்தபோது அவள் பாடவில்லை. பாடினால் அவரை விட்டுவிட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது.

முதல் பாடத்தை வாசிக்கப் பள்ளிக்கூட வாத்தியார் எழுந்துபோனார். அவள் மனசு வேறொரு பக்கம் இடறியது. அவர் கேட்டது இந்தக் குரலை. குரலுக்காகத்தானே வந்தார். குரல் கேட்காமல் போனபிறகு இவளிடத்தில் அவருக்கு என்ன மிச்சம் இருக்கிறது? இவள் ஒன்றும் பெரிய அழகி இல்லை, நிறம் மட்டு, முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். நியாயமல்ல என்று எழுதினாரே, அது இவளுக்காக எழுதினதா, அல்லது பாட்டு இல்லாத ஞானப்பூ எனக்கு எதற்கு என்பதை நாகரிகமாக எழுதினதா? சீ, அப்படி இருக்காது. இருந்தால்? மூன்றாவது தூணுக்குப் பின்னாலிருந்து இப்போது சவுரிமுத்து நாடாரின் தூங்கி வழிகிற தலை வெளியே சாய்ந்து சாய்ந்து தெரிந்தது. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குத் துக்கம் மெல்லக் கோபமாக மாறியது. வர மனமில்லாமல் இருந்துவிட்டான் என்று சொல்ல வேண்டுமாமே. எத்தனை சுலபமாக எழுதிவிட்டார். எட்டு ஓலைக்கும் ஊர் சிரித்தபோது உடன் நின்று சிரித்தவள் இவள், மறப்பாளா மறக்கமாட்டாளா என்று கண்டி மலையில் உட்கார்ந்து அவர் தீர்மானம் பண்ணுகிறார். வாயைத் திற என்றால் திறந்தோம், பேசாதே என்றால் பத்து நாள் பேசாமல் இருந்தோம், மறந்துபோ என்றால் அதற்கும் ஒரு பொட்டலம் மருந்து வருமா? ஆனால் அந்த எழுத்து. எப்போதும் நேராகப் போகிற அவர் எழுத்து அந்த ஒரு வரியில் மட்டும் கீழே சரிந்திருந்தது. வர மனமில்லாமல் என்ற இடத்தில். அதை நினைத்ததும் கோபம் நிற்கவில்லை. பாவம், இதை எழுதிவிட்டு யாரிடம் போய்ப் பேசியிருப்பார், யார் பேசினாலும் கேட்காதே.

மழை தூறத் தொடங்கி ஓட்டில் சத்தம் கேட்டது. அப்பா இரண்டாம் பாடத்துக்காக எழுந்தார். இதுதான் கடைசி. இது முடிந்தால் ஓலை. அப்பா குரல் நிதானமாக இருந்தது. அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பாவைக் குற்றம் சொல்லவும் அவளால் முடியவில்லை. எந்தத் தகப்பன்தான் கேட்பான். மேலூரில் மனைவியை இழந்த வாத்தியார் ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷன், இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் என்று நாளைக்கே லேயாள் சித்தி வந்து உட்காருவாள். அந்த வீட்டில் இவள் எப்படி இருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். அப்பா அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார்? முற்றத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவார். சோறு ஆச்சா என்பதை முருங்கை மரத்திடம் கேட்பார். அம்மாவும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லுவாள். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், பெண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஆண்பிள்ளையை அவள் கண்டதில்லை. காது கேட்காதவர் என்ன பண்ணுவார்? அடுப்பைப் பார்த்துக்கொண்டு இவள் சொல்லுகிற பதில் அவருக்கு எட்டாது. உப்பு போதுமா என்று கேட்டால்கூட அவர் திரும்பி இவள் முகத்தைப் பார்க்க வேண்டும். உதட்டைப் பார்க்க வேண்டும். விறகு ஈரம் என்றாலும், மழை வருது என்றாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், நாள் முழுக்க, ஆயுசு முழுக்க, இவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் புரியாவிட்டால் இவள் எழுத வேண்டும், அவருக்கே நேராக, நடுவில் யாரும் செருமி வாசிக்காமல். முகம் சுட்டது. எதிரே அத்தனை பேர் இருந்தும் அவள் கையைத் தூக்கித் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இது தடையா? இதைத் தடை என்று யார் சொன்னது? நியாயமில்லையாம். அவளுக்கு வேண்டியது இதைத் தவிர வேறென்ன. அந்த நிமிஷத்தில் அவர் மேல் அப்படி ஒரு ஆசை எழுந்தது, மூன்று வருஷத்தில் இல்லாத ஆசை, கண்ணில் நீர் வந்துவிட்டது. கடுதாசி எழுதின ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், ஒரு ஆவையும் ஒரு சம்மதத்தையும் வைத்துக்கொண்டு. யாராவது சொல்ல வேண்டும். யாராவது என்றால் யார்?

இரண்டாம் பாடம் முடிந்தது. அப்பா புஸ்தகத்தை மூடிவிட்டுக் கோட்டின் வெளிப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். புதன்கிழமை ஜெபக்கூட்டம் ஒழுகாத பக்கமாக நடக்கும் என்றார். பள்ளிக்கூடக் கூரைக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டு ஓலை கொண்டுவர வேண்டும் என்றார். தன் கையெழுத்தே தனக்குப் புரியாமல் இரண்டு இடத்தில் தடுக்கினார். கீழத்தெரு தானியேல் மகன் சற்குணத்துக்கும் இன்னொரு ஊர் பெண்ணுக்கும் ஓலை வாசித்தார், இது முதலாம் ஓலை என்றார். ஆண்கள் பக்கத்தில் சற்குணம் குனிந்துகொண்டான். அப்பா அடுத்ததை வாசிக்கவில்லை. காகிதத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். பெண்கள் பக்கத்தில் தலைகள் ஒவ்வொன்றாக ஞானப்பூவின் பக்கம் திரும்பின. அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவசரமாக அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். சபை எழுந்தது. எல்லோரும் புஸ்தகத்தைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள், தொடங்க வேண்டியவள் இவள். அப்பா முதல் தடவையாக இவளைப் பார்த்தார். தொடங்கு, தொடங்கிவிடு, கடந்துபோய்விடுவோம் என்று அந்தப் பார்வை கெஞ்சுவது அவளுக்குத் தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"அப்பா, நம்ம வீட்டு ஓலைய வாசிக்கலயே."

பெண்பிள்ளை கோயிலில் பேசி அந்த ஊர் கேட்டதில்லை. தூங்கிக்கொண்டிருந்த சவுரிமுத்து நாடார் விழித்துக்கொண்டார். அப்பா மடித்த காகிதத்தைப் பார்த்தார்.

"எழுதலயே ம்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்டால் போதும் என்கிற மாதிரி.

"எழுத வேண்டாம்ப்பா. எனக்குத் தெரியும். நான் சொல்லுதேன், நீங்க வாசிங்க."

லேயாள் சித்தி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஞானப்பூ உட்காரவில்லை. இந்தச் சபை உபதேசியார் மாசிலாமணியின் குமாரத்தி ஞானப்பூவுக்கும் என்று சொல்லி நிறுத்தினாள். அப்பா சொல்லவில்லை. அவள் மறுபடியும் அதையே சொன்னாள். இந்தத் தடவை அப்பா உதடு அசைந்தது, பாதியில் சத்தம் வந்தது, அவள் பேர் வந்த இடத்தில் முழுக் குரலும் வந்துவிட்டது. அடுத்தது அவர் பேர். எட்டுத் தடவை எழுதியும் ஒரு தடவைகூட வாயில் வராத பேர். கண்டிச் சீமையில் கம்பவுண்டர் வேலை பார்க்கும் ஏசுவடியானுக்கும் என்றாள். பெண்கள் பக்கத்தில் யாரோ ஐயையோ என்றார்கள், ஆண்கள் பக்கத்தில் ஒருவர் இருமினார். நாக்கு ஒன்றும் அறுந்துபோகவில்லை. சொல்லச் சொல்ல நன்றாக இருக்கிற பேர் அது. அப்பா அதைத் திருப்பிச் சொன்னார். விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது என்றாள், அப்பாவும் சொன்னார். இவர்கள் இருவரும் சேருவதற்கு ஏதேனும் தடை அறிந்தவர் உண்டானால் என்றாள். ஏதேனும் தடை அறிந்தவர் என்று தொடங்கி அப்பா நின்றுவிட்டார்.

அவர் கை கோட்டின் உள்பைக்கு மேலே போய் அங்கேயே நின்றது. அந்தக் கோயிலில் அத்தனை பேர் இருக்க, தடை அறிந்தவர் அவர் ஒருவர்தான். முப்பது வருஷம் இந்தக் கேள்வியை ஊரைப் பார்த்துக் கேட்டவருக்கு இன்றைக்கு அது தன் மேலேயே திரும்பியது. அவர் கண் நிறைந்து போயிற்று. முருங்கை மரத்தையும் பார்க்கவில்லை, முற்றத்தையும் பார்க்கவில்லை, மகள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அம்மா, ஒரு தடை…" என்று ஆரம்பித்தார்.

"அத நானும் வாசிச்சிட்டேன்ப்பா" என்றாள் ஞானப்பூ. "அது தடையில்ல."

மழை ஓட்டில் பெய்துகொண்டிருந்தது. அப்பா கையைக் கோட்டிலிருந்து எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தடை அறிந்தவர் உண்டானால் இப்போது சொல்லக்கடவர்கள் என்று முடித்தார். மற்ற ஓலைகளுக்குக் காத்திருப்பதைவிடக் கூடுதலாகவே காத்திருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரியை ஞானப்பூ எடுத்துக்கொடுக்க வாயைத் திறப்பதற்குள் அப்பா தாமாகவே, மழையையும் மீறித் தெருக்கோடி வரை கேட்கிற குரலில், "இது மூன்றாம் ஓலை" என்றார்.